சிங்கவரம் பாதையில் நிலாவுக்குக் கிடைத்த பேர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். செஞ்சியில் பைக் மெக்கானிக். வண்டியில் சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது இதுதான், அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் தெருக்காரர்கள் சில குடும்பங்களாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போவோம். பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது செல்போனைக் கீழே வைக்கட்டும் என்றுதான். சிங்கவரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லைகளுக்கு நடுவே, பாறைக் குன்றை ஒட்டி ஒரு மண்பாதை. அது முடிகிற இடத்தில் டீக்கடை. பெரியவர்களுக்கு டீயும் பஜ்ஜியும், பிள்ளைகளுக்குப் பன்னீர் சோடா. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அந்த பஜ்ஜிக்காகத்தான் நடப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் நிலாவும் வந்தாள். நானும் என் மனைவி கல்பனாவும் தத்தெடுத்த பெண், அப்போது ஐந்து வயது, வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். பேச்சு வராத வயதில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவளைக் குழந்தைகள் இல்லத்துக்காரர்கள் எடுத்து வளர்த்து, நிலா என்று பேர் வைத்தார்களாம். அதற்கு முன்னால் என்ன பேர், பெற்றவள் யார், ஒருவருக்கும் தெரியாது. கல்பனாவிடம் ஒட்டிக்கொண்டாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள், ஏதாவது வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அப்பா என்று கூப்பிடு என்று நான் வற்புறுத்தவில்லை. ஆசை இல்லாமலும் இல்லை.

டீக்கடையில் கல்பனா சோடா பாட்டிலோடு வந்து, "நிலா ஒங்ககூட இல்லியா?" என்றாள். நான் அவள்கூட என்று நினைத்திருந்தேன், அவள் என்கூட என்று.

வந்த பாதையிலேயே ஓடினேன். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கத்தினார்கள். பாறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, கொல்லையில் ஓர் ஆள் இல்லை. பக்கத்தில் பாழும் கிணறு ஏதாவது இருக்குமோ என்று நினைத்ததும் இன்னும் வேகமாக ஓடினேன்.

சப்பாத்திக்கள்ளிப் புதருக்குப் பின்னால், ஒரு பாறை நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கி, "நைனா" என்றாள்.

வாரித் தூக்கிக்கொண்டு அழுதுவிட்டேன். அப்புறம்தான் காலைப் பார்த்தேன். குளவி கொட்டி வீங்கியிருந்தது, மேலே சுண்ணாம்பு தடவியிருந்தது. தொட்டேன், இன்னும் காயவில்லை. எங்களோடு வந்தவர்களில் வெற்றிலை போடுகிறவர் யாருமில்லை.

யார் தடவியது என்று கேட்டேன்.

"அந்தம்மா. மயிலு, அழுவாத, ஒங்க நைனா வருவாரு, இங்கியே குந்தியிருன்னு சொல்லிச்சு."

அந்தம்மா எங்கே என்று கேட்டால் பின்பக்கம் கை காட்டினாள். அங்கே செங்குத்தான பாறை, நுழைய ஒரு சந்துகூட இல்லை.

அப்பாவை நைனா என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மயிலு என்று யாரும் அவளைக் கூப்பிட்டதுமில்லை. கொல்லை வேலைக்கு வந்த யாரோ என்று கல்பனா சொன்னாள், நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அடுத்த வாரம் அந்தம்மாவுக்குக் கொடுக்க ஒரு புடவைகூட எடுத்துப் போனோம். டீக்கடைக்காரர் ஊரெல்லாம் விசாரித்துவிட்டார், அன்றைக்கு அந்தப் பக்கம் யாருமே போகவில்லையாம். புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது.

நிலா இப்போது மூன்றாம் வகுப்பு. நைனா நைனா என்று என் தோளை விட்டு இறங்கமாட்டாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஞாபகமே இல்லை என்கிறாள். மயிலு யார் என்று கல்பனா ஒருமுறை கேட்டபோது, தெரியாது என்று விளையாடப் போய்விட்டாள்.

போன வாரம் மத்தியானம் என் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னவோ தோன்றியது, காதுகிட்டே குனிந்து, மெதுவாக, மயிலு என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது. "தோ வரேம்மா" என்றாள்.

அந்தப் பேரை நான் மறுபடி சொல்லவில்லை.