குழலுக்குள் வைக்கும் துணி

நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தூத்துக்குடியில் பேருந்து ஏறினேன். முத்தையாபுரம் தாண்டும்வரை லாரிப் புழுதி. ஆத்தூரில் ஏறிய ஒரு பெண் வெற்றிலைக் கூடையை என் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். திருச்செந்தூரில் வண்டி மாறி, பெரியதாழை தாண்டி ஒரு முக்கில் இறங்கியபோது மணி நான்கு. அங்கிருந்து மணலில் அரை கிலோமீட்டர் நடை. குப்பத்தின் பெயர் வேண்டாம்.

குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் மருந்துக்கு மேல் எதை வைத்து அடைக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிவது என் பைத்தியம். தேங்காய் நார், சாக்கு, குளவிக்கூடு வரை பார்த்தாயிற்று. இங்கே துணி என்று கேள்விப்பட்டு வந்தேன்.

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் லூர்து, நாற்பது வயது மீனவர், கரைக்கே வந்து வரவேற்றார். அவருக்கு முன் ஓர் அலை வரவேற்று என்னை இடுப்புவரை நனைத்தது. சிரித்தபடி வீட்டுக்குள் போய்க் சாரம் என்று அவர்கள் சொல்லும் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை எடுத்து வந்து கட்டிக்கொள்ளத் தந்தார்.

பிறகு சொன்னார். அவருடைய அண்ணன் தனியாகக் கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் திரும்பியது.

"உடம்பு கெடைக்கலன்னா எங்க குடும்பத்துல தெனமும் பொழுதடையில ஒரு வெடி போடணும் அண்ணாச்சி. குண்டு கெடையாது. மருந்து, மேல பனைநாரு, அதுக்கும் மேல அவுக துணி. அந்தத் துணிய உடுத்துனவுக எங்கன இருந்தாலும் சத்தத்துக்குத் திரும்பிப் பாப்பாவளாம். துணி தீந்த மறுநா கோயில்ல துக்கமணி, பூசை. அதுவரைக்கும் வள்ளத்த எறக்கப்படாது."

"இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

"மதினி துண்டச் சின்னதாக்கிட்டே வந்தாவ. மொதல்ல உள்ளங்கை அளவு, இப்ப நகம் அளவு. இன்னைக்குக் கடேசி. இனியாவது நான் தொழிலுக்குப் போணும்லா."

பொழுது சாயும் நேரத்தில் அவருடைய அண்ணன் மனைவி ரெஜினா வந்தார். சட்டைக் கழுத்துப்பட்டியின் ஒரு துணுக்கைக் கொடுத்தார். லூர்து கம்பியால் கெட்டித்துக் கடலைப் பார்த்துச் சுட்டார். நார் பொறியாகச் சிதறியது, துணி புகைந்துகொண்டே அலையில் விழுந்தது. நானும் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

"அண்ணாச்சி, திரும்பாதிய."

முதுகுக்குப் பின்னால் ரெஜினாவின் குரல்.

"இங்கனருந்து பாக்கையில அவுகளேதான்."

என் காலருகே உட்கார்ந்து சாரத்தின் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தார்.

"லூர்து, இது உங்க அண்ணன் சாரம்லா? நீ எரவல் வாங்கிட்டுப் போனது! மணி அடிக்காண்டாம். இன்னொண்ணு கெட்டி."

லூர்து மணலில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தைப் பார்த்தார். "கொழல் ஆறட்டும் மதினி" என்றார்.

ஈரக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என்னால்தானே என்று கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்விய? எடுத்துக் குடுத்தது என் கைதான" என்றார் லூர்து.

இருட்டுவதற்குள் முக்குக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். உண்மையைச் சொன்னால், பயந்து ஓடிவந்தேன். பேருந்தில் ஏறிக் கம்பியைப் பிடித்தபோது கரையில் வெடித்தது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் தெருவே ஜன்னலுக்கு வரும். இந்த வண்டியில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. என் கழுத்து மட்டும், நான் நினைப்பதற்கு முன்பே, கடல் பக்கம் திரும்பியது.