மூக்குப் பூஞ்சணமும் பனங்கட்டிக் குட்டானும்

என் மனுசனின் மூக்குக்குள் பூஞ்சணம் பிடித்தது. பழைய பாண் ரொட்டியில் பிடிக்கிற அதே சாதிதான் என்று டொக்டர் சொன்னார். எல்லார் மூக்குக்குள்ளும் அது மூச்சோடு போய்வருமாம். சீனி வருத்தத்தை, அதுதான் நீரிழிவை, கவனிக்காமல் விட்ட ஆளைக் கண்டால்தான் குடியேறுமாம். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மூக்குக்குள் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டிய பிறகுதான் இந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

ஒருமுறை உள்ளே சுரண்டித் துப்புரவாக்கினார்கள். சேலைனோடு மருந்து ஏற்றினார்கள்.

"சீனி இறங்கவேணும், அம்மா. இறங்காட்டி இது கண்ணுக்குப் போகும். பிறகு கண்ணையே எடுக்கவேண்டி வரும்" என்றார் டொக்டர்.

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். மனுசன் பக்கத்துக் கட்டில்காரரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரங்களில் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் இருந்து சனம் வாடகை வான் பிடித்து வந்தது. நோயாளியைப் பார்க்க இல்லை, பூஞ்சணத்தைப் பார்க்க.

"அண்ணை, கொஞ்சம் அண்ணாந்து காட்டுங்கோ."

ஒருவர் போன் வெளிச்சத்தை அடிக்க, மற்றவர் குனிந்து பார்ப்பார்.

"ஒண்டும் தெரியேல்லையே!"

"உள்ளுக்க கிடக்கு. இன்னும் கிட்ட வாங்கோ" என்று மனுசன் மூக்கைத் தூக்கிக் கொடுப்பார். வெட்கம் கெட்ட மனிதர். ஆனால் தேத்தண்ணி வந்தால் மட்டும், "எனக்குச் சீனி வேண்டாம், மிஸ்ஸி" என்று தாதியிடம் வார்ட் முழுக்கக் கேட்கச் சொல்லுவார்.

ஊசி மருந்தைக் கூட்டியும் சீனி இறங்கவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்னம்மா குடுக்கிறீங்கள்?"

"குரக்கன் புட்டும் மீன் குழம்பும், ஐயா. வேற ஒண்டுமில்லை."

அவர் நம்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலை கட்டில் காலில் எறும்பு ஏறுவதைக் கண்டேன். நேரே தலையணைக்குள் போனது. ஆளை ஒரு பக்கம் உருட்டிவிட்டு உறையை உதறினேன். சின்னச் சின்ன ஓலைக் குட்டான்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பனங்கட்டி. பாதி கடித்தவையும் இருந்தன.

"இது என்னப்பா?"

"பனங்கட்டி. தேத்தண்ணிக்குக் கடிக்கிறனான்."

"சீனி வருத்தக்காரனுக்குப் பனங்கட்டியோ?"

"இதுக்குள்ள சீனி எங்க கிடக்கு? இது பனையிலயெல்லோ வாறது!"

"ஓம் அக்கா, உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். அவருக்கும் சீனி வருத்தம். அவர் வாயிலும் ஒரு கட்டி ஒதுங்கிக் கிடந்தது.

இதற்கெல்லாம் மூலம் மனுசனின் அக்கா, என் மச்சாள். சீனிச் சாமான் கொண்டுபோகாதீர்கள், பனங்கட்டி கொண்டுபோங்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

"பாவம், வெறுந்தேத்தண்ணியை எப்பிடிக் குடிக்கிறது?" என்றார் என்னிடம்.

"கண்ணை எடுத்தா உங்கட கண்ணைக் குடுப்பீங்களோ?"

"என்ர கண்ணில வெள்ளை படர்ந்து கிடக்கு. குடுத்தாலும் உதவாது."

இந்தக் குடும்பத்தோடு என்ன கதைக்கிறது? குட்டான்களை அள்ளி டொக்டரின் மேசையில் கொட்டினேன். அன்றிலிருந்து வார்ட் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். வந்தவர்களின் பைகளைக் கிண்டினேன். கோபித்துக்கொண்டு திரும்பினவர்களும் உண்டு. போகட்டும்.

செபிக்க வந்த சுவாமியாரையும் மறித்தேன்.

"பொக்கற்றுக்குள்ள என்ன, சுவாமி?"

"செபமாலை, பிள்ளை."

"எடுத்துக் காட்டுங்கோ."

செபமாலையோடு ஒரு குட்டானும் வெளியே வந்தது.

"உங்கட மனுசன்தான் போனில கேட்டவர்" என்றார் சுவாமியார், தலையைச் சொறிந்துகொண்டு.

சீனி இறங்கத் தொடங்கியது. இரண்டாம் முறையும் மூக்கைத் துப்புரவாக்கினார்கள். பூஞ்சணம் கண்ணுக்குப் போகவில்லை என்றார்கள். ஆனாலும் டொக்டர் சோதித்துப் பார்க்கும்வரை எனக்கு நெஞ்சு ஆறவில்லை. அவர் மனுசனின் நல்ல பக்கத்துக் கண்ணைக் கையால் பொத்தினார்.

"இப்ப என்ன தெரியுது?"

மனுசன் வீக்கம் வற்றிய பக்கத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்தா, வாசலில ஒண்டு முறைச்சுக்கொண்டு நிக்குது."

அடிக்க வேண்டும் போல இருந்தது. அழுதுவிட்டேன்.