தட்டினால் விடணும்

அமரவிளையில் தையல்கடை வைத்திருந்த சுகிர்தபாய்க்குக் கோபம் வந்தால் தையல் மெஷின்கூட வாயடங்கும். தொண்ணூற்று நாலாம் வருஷ ஓணத்துக்கு வந்தது அந்தக் கோபம். வராமல் என்ன செய்யும்!

காலையில் கடை திறக்கும் முன் அவள் களரிப் பயிற்சிக்கூடத்தில் அடிமுறைச் சண்டை பழகுவாள். பழகக் கூட்டு, பக்கத்துத் தெரு ரெஷ்மா. அங்கே ஜெயித்தவளும் இல்லை, தோற்றவளும் இல்லை. ஒருத்தி அடிக்க வருவாள். மற்றவள் விலகி, கையைப் பிடித்து முறுக்கிக் கிடத்துவாள். பிறகு முறை மாறும். வலி பொறுக்காவிட்டால் கீழே கிடக்கிறவள் தரையில் தட்டுவாள். தட்டியதும் விட்டுவிட வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் ஒருத்தி தன் கையை மற்றவளுக்குக் கொடுப்பது.

ஊரில் ஓணவிழா நடத்தும் கிளப்பின் பிரசிடென்ட் ராஜதாசுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரு வார்த்தை கேட்காமல் ஓண நோட்டீசில் இரண்டு பேர் பெயரையும் போட்டு, 'பெண்கள் சண்டைப் போட்டி, ஜெயித்தவருக்குக் கப்பு' என்று அடித்துவிட்டான்.

"எலே, இது என்ன கோழிச்சண்டையா?" என்று நடுரோட்டில் வைத்தே அவனைக் கிழித்தாள் சுகிர்தபாய்.

ரெஷ்மாதான் கெஞ்சினாள். "அக்கா, களரியில செய்யதத்தானே செய்யப்போறோம். எங்க வீட்டுல எல்லாரும் பாக்க வாறாவ." அவளுக்காக இவள் சம்மதித்தாள்.

மேடையில் ரெஷ்மா வந்த வரத்தே வேறு. சுகிர்தபாய் விலகி, கையை முறுக்கிக் கிடத்தினாள். ரெஷ்மா தட்டினாள். இவள் உடனே விட்டுவிட்டு, தூக்கிவிடக் குனிந்தாள். குனிந்தவளின் நெஞ்சில் விழுந்தது ஒரு உதை.

மல்லாந்து விழுந்தாள். ஒரே விசில். ராஜதாஸ் ரெஷ்மாவின் கையைத் தூக்கிப்பிடித்துக் கப்பைக் கொடுத்தான்.

"தட்டீட்டு உதைச்சாளே, பாவி!" என்று இவள் போட்ட சத்தம் மைக்கில் அமுங்கிப்போனது. பல் போயிருந்தாலும் பொறுத்திருப்பாள். இனி ரெஷ்மா தட்டினால் நம்பவா, வேண்டாமா? அதுதான் வயிற்றெரிச்சல்.

ஓணம் முடிந்து ரெஷ்மா களரிக்குத் தலைகுனிந்து வந்தாள். யாரும் அவளோடு சேரவில்லை. சுகிர்தபாய்தான் முன்னால் போய் நின்றாள்.

"வா, அடி."

வந்தாள். முறுக்கிக் கிடத்தியாயிற்று. முறுக்கு ஏறியது. ரெஷ்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மற்ற கை அசையவில்லை.

"தட்டுட்டீ!"

"இனி எந்த மொகத்தோட தட்ட, அக்கா?"

"கை ஒடிஞ்சிரும், சனியனே! நீ தட்டாம நான் விடமாட்டேன், ஆமா. தட்டு!"

ரெஷ்மா அழுதுகொண்டே தட்டினாள். சுகிர்தபாய் அந்த நொடியே விட்டாள். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் முறை மாற வேண்டுமே.

"எந்திரி. இனி நான் அடிக்க வாறேன், பிடி" என்றாள். "நான் தட்டினா விடணும், கேட்டியா!"