கப்பல் விருந்தினரும் காமன் எரிப்பும்

கொழும்புத் துறைமுகத்தில் மூன்று நாள் தங்கவிருந்த உல்லாசக் கப்பலொன்றிலிருந்து இருபது பயணிகள் எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி, மாசி மாதத் தொடக்கத்தில் தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்கு வந்து சேர்ந்தது. துரை அதை என் தந்தையிடம் தள்ளினார். என் தந்தை தோட்டத்தின் தலைமை எழுதுவினைஞர். தொழிலாளர் வாயில் ‘பெரிய கிளாக்கரய்யா’. அவர் அதை என்னிடம் தள்ளினார்.

என்னிடம் தள்ளியதில் நியாயம் இருந்தது. நான் பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியனாகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. விவாத மேடைகளில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஹாலிஎலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் என் பேச்சைக் கேட்கவென்றே வந்தவர்கள் உண்டு. அடக்கத்தின் பொருட்டு உண்மையை மறைப்பது எனக்கு உடன்பாடான காரியமன்று. ஆங்கிலத்தில் விருந்தினரை வரவேற்கவும், அவர்களுடைய ஒரு நாளை ஒழுங்காக வகுக்கவும் அந்த மலையில் என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று நான் கருதினேன்; துரையும் அவ்வாறே கருதினார்.

ஒரு நாளை வகுப்பதும் ஓர் உரையை வகுப்பதும் ஏறத்தாழ ஒன்றே. தொடக்கம் கேட்போரைப் பிடித்துவைக்க வேண்டும். நடுப்பகுதி களைப்பூட்டக் கூடாது. மணி அடிக்குமுன் முடித்துவிட வேண்டும். இங்கே மணி என்பது கொழும்புக்குத் திரும்பும் மாலைப் புகையிரதம். அதைத் தவறவிட்டால் மறுநாள் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்காது.

ஆகவே விருந்தினர் பதுளைவரை போகாமல் தெமோதரையிலேயே இறங்குவது என்று முடிவுசெய்தேன். அங்கே இறங்கினால், தங்களை இறக்கிவிட்ட அதே புகையிரதம் மலையைச் சுற்றிக்கொண்டு, தாங்கள் நிற்கும் நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியே போவதைக் காணலாம். இதைவிடச் சிறந்த முகவுரை எந்தப் பேச்சாளனுக்கும் வாய்க்காது. முதியவர்களுக்குப் பதுளையிலிருந்து இரண்டு வாடகைக் கார்கள். மற்றவர்களுக்குத் தோட்டத்து லொறியில் வாங்குப் பலகைகளைக் கட்டிச் சாக்கு விரித்த இருக்கைகள். பிறகு கொழுந்து பறிக்கும் மலை, தொழிற்சாலை, துரையின் பங்களாவில் மதிய உணவு, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, பிட்டு அவித்துக்கொண்டிருந்த என் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வயது போன சனம் வருகுதெண்டால், தம்பி, கக்கூஸ் எங்கை?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் புதிதாக ஒன்று கட்டுவிக்கப்பட்டது.

டீமேக்கரிடம் நான் சற்று நேரம் வாதாட வேண்டியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான அவர், முதல்நாள் பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாடி, விடியுமுன் உருளைகளில் அரைபடும் என்றும், விருந்தினர் வரும் முற்பகலில் உருளைகள் சும்மாதான் நிற்கும் என்றும் சொன்னார். கொழுந்தில் ஒரு பங்கைத் தாமதப்படுத்த முடியாதா என்றேன். “தாமதப்படுத்தலாம். அந்தத் தேயிலையைக் குடிக்கிறவன் என்னைத் திட்டுவான்” என்றார். கழிவுக் கொழுந்தில் கொஞ்சத்தை ஓர் உருளையில் மட்டும் ஓடவிடுவது என்று இணக்கம் கண்டோம்.

இவையெல்லாம் எளிதில் முடிந்தன. சிக்கல் துரை இறுதியாகச் சேர்த்த ஒரு வரியில் வந்தது. விருந்தினருக்கு ஊர்க்கூத்து ஒன்றும் வேண்டும், தோட்டத்தில் இப்போது ஏதோ நெருப்பு வைக்கும் கூத்து நடக்கிறதாமே, அதைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றார். அவர் குறிப்பிட்டது காமன் கூத்தை. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பத்தை நட்டு, பௌர்ணமி இரவு முழுவதும் ஆடி, விடியும் வேளையில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்துபோனதாகக் கம்பத்துக்கு நெருப்பு வைப்பார்கள். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பித்து எழுப்புவதோடுதான் கூத்து முடியும். விருந்தினர் வரும் நாளும் அந்தப் பௌர்ணமி நாளாகவே அமைந்துவிட்டது. ஆனால் விடியலில் விருந்தினர் கொழும்பை நெருங்கிக்கொண்டிருப்பார்கள்.

துரையின் விருப்பத்தைச் சொல்ல நான் காமன் திடலுக்குப் போனேன். கூத்தைப் பழக்கும் வாத்தியார் அங்கே பறைக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ரதி வேடம் கட்டவிருந்த இளைஞன், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையிலிருந்து நேரே வந்தவனாய், கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“மூணு மணிக்கா?” என்றார் வாத்தியார். “ஏங்க சின்னையா, மன்மதன் என்ன அரிக்கன் லாம்புங்களா, தொரை சொன்னா ஏத்தி, தொரை சொன்னா அமத்துறதுக்கு?”

“விடிஞ்சாத்தான் எரிக்கணும் என்பது அவ்வளவு கட்டாயமா?” என்றேன்.

இளைஞன் எழுந்து நின்றான். “எனக்குக் கட்டாயம்ங்க. ரெண்டு புள்ள தங்காமப் போயிருச்சு. இப்ப அவளுக்கு ஆறு மாசம். ரதியா நின்னு, மொறை தவறாம முடிச்சுத் தர்றேன்னு வாய்விட்டு வேண்டிட்டேன். பட்டப்பகல்ல கொளுத்திப்புட்டு அவ மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கிறது?”

“அப்ப தொரைகிட்ட என்னான்னு சொல்லப் போறீங்க?” என்று வாத்தியார் என்னைக் கேட்டார். “பெரிய பேச்சாளருங்க நீங்க. பதுளையில மைக்கு வச்சுப் பேசுறீங்க. தொரைக்கு மைக்கு வேணாம், பக்கத்துலதான் இருக்காரு.”

இந்தச் சீண்டல் எனக்கு வேண்டியிருந்தது. விவாதத்தில் முதல் வேலை, கேட்கப்பட்டது உண்மையில் என்ன என்று பிரித்துப் பார்ப்பது. துரைக்கு வேண்டியது நெருப்பன்று. விருந்தினர் பார்த்துவிட்டுப் போக ஒரு காட்சி. அந்த நாளின் பகலில் என்ன நடக்கும் என்று கேட்டேன். ரதியும் மன்மதனும் வேடம் கட்டி, பறையோடு வாசல் வாசலாக வருவார்கள் என்றார் வாத்தியார். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நின்று, அவர்கள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகுதான் ஆட்டம். ஊற்றாத வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினால் முறை கெட்டுவிடும். ஆகவே கூப்பிடாத வாசலில் அவர்கள் நிற்பதே இல்லை.

வாசல் ஆட்டமே போதும் என்ற என் வாதத்தைக் கேட்டுத் துரை நெருப்பை விட்டுக்கொடுத்தார். ஆனால் விருந்தினரைத் தொழிலாளர் குடியிருக்கும் லய வரிசைக்குள் கூட்டிப்போவதில்லை என்பதில் உறுதியாயிருந்தார். அங்கேயுள்ள சாக்கடைக் கானையும் கூரைத் தகரத்தையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை, நான் விளங்கிக்கொண்டேன். பங்களா வாசலில் துரைசானி கவ்வாத்துக்காரனின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது நினைத்தும் பார்க்கக்கூடியதன்று. லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே மலையில் ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அது எங்களுடையது. துரையே அதைச் சொன்னார். அது சரிவராவிட்டால் மூன்று மணி நெருப்புத்தான் என்றும் சொன்னார்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அந்தக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலம் முழுவதும் காமன் ஆட்டம் எங்கள் வேலிப் படலையைத் தாண்டிப் போயிருக்கிறதேயன்றி உள்ளே வந்ததில்லை. அவர்களும் கூப்பிடவில்லை என்று வருந்தியதில்லை. நாங்களும் வரவில்லை என்று வருந்தியதில்லை.

“உனக்கென்ன விசரோ?” என்றார் தந்தை. “பெரிய கிளாக்கற்றை வாசலிலை கூத்தோ? நான் செம்பைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதோ?”

நான் வாதத்தைத் தொடங்கினேன். விருந்தோம்பல் என்னும் அறத்தில் தொடங்கி, ஒரு தொழிலாளியின் வேண்டுதலைக் காப்பதன் நியாயத்துக்கு வந்து, துரையின் சொல்லைத் தட்டுவதால் வரும் இடர்வரை ஒழுங்காக அடுக்கினேன். நல்ல வாதம் அது; இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

“இது உன்ரை மேடையில்லை” என்றார் தந்தை. “இஞ்சை கைதட்ட ஒருத்தரும் இல்லை.”

“தட்டலாம், கையெல்லாம் மா” என்றார் தாயார், அடுக்களையிலிருந்து.

தந்தை அதற்குச் சிரிக்கவில்லை. “டீமேக்கர் நாளைக்கு என்ன கதைப்பான்? ஊரிலை கேள்விப்பட்டால் என்ன சொல்லுவினம்? நீ உன்ரை கொம்மாவைக் கேள், அவ ஊத்துவாவோ எண்டு.”

தாயார் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். “அந்தப் பெட்டைக்கு இப்ப எத்தினை மாதம்?”

“ஆறாம்.”

“முந்தி இரண்டும் எத்தினையிலை போனது?”

எனக்குத் தெரியவில்லை. அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு, “செம்பு கிடக்கு, மஞ்சள் கிடக்கு. இரண்டாம் ஆள்தான் இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தந்தை குடையை எடுத்துக்கொண்டு தன் அலுவலகமான கந்தோருக்கு நடந்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் துரையிடம் ஆம் என்று சொன்னேன். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது மேடையில் செல்லுபடியாகும் வழக்கு.

அந்த நாள் வந்தது. புகையிரதம் தாமதித்தது, ஆயினும் சுரங்கக் காட்சி நான் எண்ணியதைவிடச் சிறப்பாகவே அமைந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் பார்க்க விரும்பிய ஒரு கனவானுக்குப் பறிக்கும் பெண்கள் கயிற்றை நெற்றியில் பொருத்திவிட்டு, “தொரைக்கு நாளைக்கிப் பேரு போட்டுருங்க கங்காணி!” என்று கத்தினார்கள். தொழிற்சாலையில் ஒற்றை உருளை உருண்டது. பங்களாவில் சாப்பாடு நீண்டுகொண்டே போனது. துன்ஹிந்தவுக்குப் போய்த் திரும்பினால் மாலைப் புகையிரதம் கிடைக்காது என்று கணித்து, நீர்வீழ்ச்சியை நான் நீக்கிவிட்டேன். நல்ல பேச்சாளன் எதை விடுவது என்று தெரிந்தவன்.

மூன்று மணிக்கு விருந்தினர் எங்கள் முற்றத்தின் ஓரமாகப் போடப்பட்ட கதிரைகளில் அமர்ந்திருந்தார்கள். தாயார் கூறைச் சேலை உடுத்து, மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றார். தந்தையைக் காணவில்லை. முற்றத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் கந்தோர். அதன் கதவு திறந்திருந்தது.

பறை படலையருகே வந்து நின்றது. ரதியாய் வேடங்கட்டியவன் தலை நிறையப் பூவோடு, கண்ணைக் கீழே தாழ்த்தியபடி நின்றான். மன்மதன் அவன் பக்கத்தில் கரும்பு வில்லோடு. வாத்தியார் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், “ஐயா எங்கங்க?” என்றார்.

“அம்மாவோடு நான் நிற்கலாமா?”

“உங்களுக்குக் கல்யாணம் ஆவலியே சின்னையா. ஆயிருந்தாலும் ஒங்க பொஞ்சாதியோடதான் நிக்கணும், ஆத்தாவோட இல்ல.” அவர் திரும்பி ரதியைப் பார்த்தார். “நின்னாச்சு. நின்னுட்டுத் திரும்புனா அவன் பாடு முடிஞ்சுதுங்க.”

கதிரைகளிலிருந்து படக்கருவிகள் உயர்ந்தன. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னிடம் அப்போது இரண்டு மொழிகளிலும் ஆயத்தமான உரை இருந்தது. அதில் ஒரு வாக்கியமும் அந்த இடத்துக்கு உதவாது என்பதைக் கண்டேன்.

தாயார் கந்தோரை நோக்கி ஒரே ஒரு முறை குரல் கொடுத்தார். உரத்த குரல் அன்று. நாள்தோறும் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல்தான்.

“இஞ்சாருங்கோ! வாசலிலை ஆக்கள் நிக்கினம்.”

தந்தை வெளியே வந்தார். கோட்டோடுதான் வந்தார். படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். காலுறையைக் கழற்றச் சற்று நேரமாயிற்று. தாயார் பக்கத்தில் வந்து நின்று செம்பில் கை வைத்தார். இருவருமாகச் சேர்ந்து ரதியின் காலுக்கும், பிறகு மன்மதனின் காலுக்கும் ஊற்றினார்கள். ரதியின் கால்விரலிடுக்கில் கவ்வாத்து மலையின் மண் இன்னும் இருந்தது. மஞ்சள் தண்ணீரோடு அது முற்றத்தில் வழிந்தது.

“அவ்வளவுதானோ?” என்று தந்தை வாத்தியாரைக் கேட்டார்.

“அவ்வளவுதாங்க ஐயா.”

பறை எழுந்தது. அவர்கள் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். முடிந்ததும் நான் ஆங்கிலத்தில் பேச எழுந்தேன். அரைமணி உரையை, லொறியின் இயந்திரம் உறுமத் தொடங்கியதால், இரண்டு வாக்கியங்களில் முடித்தேன். அவ்விரண்டும் சிறந்த வாக்கியங்கள், கைதட்டினார்கள். மாலைப் புகையிரதம் இருபது பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

விடியலில் நானும் தாயாரும் திடலுக்குப் போனோம். தந்தை வரவில்லை, தாயார் போவதைத் தடுக்கவுமில்லை. சிவன் கண்ணைத் திறந்தார், கம்பம் சடசடவென்று எரிந்தது, ரதி புலம்பினான். எரிப்பைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைத்தாய்ச்சியை வீட்டுக்குள்ளேயே இருத்தியிருந்தார்கள். தாயார் திடலிலிருந்து நேரே லயத்துக்கு நடந்தார். அவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் முறை. கான் மேல் போட்டிருந்த பலகையில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறி, அவள் குடியிருந்த காம்பராவின் வாசலில் நின்றார்.

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவுக்கு வந்தாள். “எரிஞ்சிருச்சுங்களாம்மா?”

“எரிஞ்சிட்டுது பிள்ளை. விடிஞ்சுதான் எரிஞ்சது. நான் பார்த்தனான்.”

அவள் கதவு நிலையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள். “அப்ப அந்த மனுசன இனி மீசை வைக்கச் சொல்லுங்கம்மா. ஒரு மாசமா வழுவழுன்னு, எங்க நாத்தனா மாதிரியே இருக்காரு. பாக்கவே சகிக்கல.”

“மூண்டு நாள் பொறு” என்றார் தாயார். “இன்னும் உயிர் எழுப்பேல்லை.”