அடுத்த சுவர் எங்கே, அண்ணாச்சி?

பெயிண்டிங் காண்டிராக்டரிடம் "இப்போ எங்கே வேலை?" என்று கேட்டால் முகவரியோடு பதில் வரும், "அடுத்து எங்கே?" என்று கேட்டால், "வாங்க, டீ சாப்பிடுவோம்" என்பார். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் நான் அப்படிக் குடித்த டீயில் ஒரு வீட்டுக்கே முதல் கோட்டு அடித்திருக்கலாம்.

தனியாகக் காண்டிராக்ட் எடுத்துப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் இந்தக் கஷ்டம் தெரியும். கையில் இருக்கிற வேலை முடிவதற்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஆள் போய்விடுவான். என் ஆள் சேவியர். அவன் பட்டி பார்த்துத் தேய்த்தால் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். உண்மையைச் சொன்னால் அவன்தான் தொழில். நான் சைக்கிளில் போய்ப் பேசிவிட்டு வருகிற ஆள். அவனை இழுத்துக்கொள்ள ஊரில் நாலு காண்டிராக்டர்கள் காத்திருந்தார்கள்.

தூக்கம்

முதல் வேலை ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீடு. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே முடித்துக் கொடுத்தேன். பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை அனுபவிக்க ஒரு வாரம் படுத்துத் தூங்கினேன். எழுந்துபோய் வேலை கேட்டால், ஊரில் அத்தனை சுவரிலும் புது பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. சேவியர் வேறொருவரின் ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.

கீழேயிருந்து, "ஏலே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே" என்றேன். இறங்காமலே சொன்னான்: "வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன் அண்ணாச்சி. 'அவிய தூங்குதாவ'ன்னு மதினி சொன்னாவ."

ஏணி

மூன்று மாதம் கெஞ்சி அவனைத் திரும்பக் கொண்டுவந்தேன். இனி தூங்குவதில்லை என்று முடிவு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய ஏணி ஒரு வீட்டில் சாய்ந்திருந்தால், இன்னொரு காண்டிராக்டர் அங்கே போய் ரேட் பேசமாட்டார். பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி. ஒரு டீச்சர் வீட்டில் வேலை ஆரம்பித்த இரண்டாம் நாளே என் ஏணியைத் தூக்கிப்போய், மூன்று தெரு தள்ளி ஒரு புது வீட்டில் சாய்த்துவிட்டேன்.

நல்ல யோசனைதான். என்னிடம் இருந்தது ஒரே ஏணி என்பது மறுநாள்தான் உறைத்தது. திரும்ப எடுத்தால் புது வீடு போய்விடும். கைக்கு எட்டுகிற உயரம் வரை அடித்துவிட்டுச் சேவியர் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுவரைப் பார்த்தார். கீழே ரோஜா நிறம், மேலே பழைய பச்சை. கோபமே படாமல் கேட்டார்: "கீழ உள்ளது ஒங்க காண்டிராக்ட். மேல உள்ளதுக்கு நான் யாருகிட்டப் பேசணும்?"

வெடிப்பு

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே பிளக்கும். இதைக் கடவுள் எங்களுக்காகவே ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்தேன். நாகலாபுரத்தில் நாங்கள் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்த வீட்டைச் சித்திரையில் சும்மா எட்டிப் பார்த்தேன். நிலையிலிருந்து ஜன்னல் வரை விரல் நுழைகிற வெடிப்பு. அடுத்த வேலை தானாக வந்துவிட்ட சந்தோஷத்தில் என் பல்லெல்லாம் தெரிந்திருக்கும் போல. வீட்டுக்காரர் சம்சாரி, வெள்ளாமை பார்க்கிறவர். வெடிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வீடு வெடிச்சதுக்குச் சிரிக்கிற ஆள இன்னைக்குத்தாம்யா பாக்கேன்."

புதியம்புத்தூர்

இன்னொரு தடவை, கையிலிருந்த வேலை முடிய நாலே நாள். அடுத்து ஒன்றுமில்லை. சேவியர் சுவரைத் தேய்த்துக்கொண்டே, "அடுத்த சுவர் எங்கன அண்ணாச்சி?" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன்: "புதியம்புத்தூர்ல. ஒரு தையல் கம்பெனி."

மறுநாள் அவன் வரவில்லை. வேறு காண்டிராக்டரைப் பார்க்கப் போயிருக்கிறான் என்றே நினைத்தேன். அதற்கடுத்த நாள் வந்தான். எங்கே போனாய் என்று கேட்கப் பயந்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

பொய்யை மெய்யாக்க அதற்கும் மறுநாள் நானே பஸ் ஏறினேன். முதல் இரண்டு கம்பெனிகளில் கையை விரித்தார்கள். மூன்றாவது கம்பெனி முதலாளி, தைத்துக் குவித்த சட்டைகளுக்கு நடுவிலிருந்து சிரித்தார். "ஒங்க ஆளு முந்தாநாளே வந்துட்டாரே! 'இங்கன எந்தக் கம்பெனிக்குப் பெயிண்டு அடிக்கப் போறாவ'ன்னு தெருத்தெருவாக் கேட்டாரு. யாருமில்லைன்னதும், 'அப்ப நீங்க அடிங்க'ன்னு என்னையப் பிடிச்சுக்கிட்டாரு. திங்கக்கிழமை வாங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே சேவியரிடம் போனேன். "பொய்யின்னு தெரிஞ்ச பொறவும் எதுக்குலே எங்கூட நிக்கே?" என்று கேட்டேன். அவன் உப்புத்தாளை மடித்துக்கொண்டே சொன்னான்: "வேற ஆளுகிட்டப் போனா, அவரு பொய்ய முதல்லேருந்து படிக்கணும்லா அண்ணாச்சி."

ஆகவே, அடுத்த வேலையை எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நம்ம ஆள் தேட ஆரம்பிப்பதற்கு ஒரு நாள் முன்னால்.