கரைக்குள் கைவிட்டுப் பார்த்தவர்

நைனா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அப்படி எழுதினால் அது நைனாவாக இருக்காது. நைனா யாரையும் எளிதில் நம்பாதவர். உங்களில் பலருக்கு அது தெரியும். சிலர் அதனால் மனம் நொந்தும் இருக்கிறீர்கள்.

நைனா பிறந்தது நாவல்மேட்டில். ஆரம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிப் பக்கமாகக் கிழக்கே நடந்தால் வருகிற சிற்றூர். பழவேற்காடு ஏரி என்றதும் வெளியூராருக்கு மீனும் படகும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் அந்த ஏரியின் ஓரத்தில் நெல் பயிரிடுகிறவர்கள். பொன்னேரியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே "அது எங்க கீது?" என்று கேட்பார்கள்.

நைனா எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அவருடைய தகப்பனார் காலமானார். படிப்பு அத்தோடு நின்றது. சித்தப்பாக்கள் காட்டிய எல்லைக் கல்லை ஏற்காமல், கயிறு பிடித்து நிலத்தைத் தானே அளந்தாராம். கல் சரியான இடத்தில்தான் இருந்தது. அப்படியும் மறு வாரம் போய் இன்னொரு முறை அளந்திருக்கிறார். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே இரண்டு முறை தனியாகப் போய், பக்கத்திலிருந்த அம்மாவின் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். விதைநெல்லை யார் கொடுத்தாலும் ஒரு பிடி ஊறவைத்து முளை பார்க்காமல் விதைக்க மாட்டார். எங்கள் மூவரையும் பட்டம் வரை படிக்க வைத்தார். ஆனால் மதிப்பெண் அட்டையை நம்பாமல் பள்ளிக்கூடம் வரை வந்து கேட்டுவிட்டுப் போவார்.

தினமும் காலையில் வயல் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவது அவர் வழக்கம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள் துப்பிவிட்டு அப்படியே நின்றார்.

"உப்பு கரிக்குது," என்றார்.

ஊரில் யாரும் நம்பவில்லை. ஒரு மாதத்தில் கிழக்கு வயலில் நெற்பயிர் நுனி கருகியது. எங்கள் நிலத்தை ஒட்டி, அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்கு நிலம் இருந்தது. அதை அவர் இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். குட்டையிலிருந்து ஒரு குழாய் எங்கள் கால்வாய்ப் பக்கமாகக் கிடந்ததையும், அதன் வாயருகே தரை ஈரமாக இருந்ததையும் நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, மாமா குழாயில் தண்ணீர் விடுகிறார் என்று நைனாவிடம் சொன்னேன். போய்ப் பார்க்கும் பொறுமை அன்றைக்கு அவருக்கு இல்லை. நேராக ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மச்சான் குட்டைத் தண்ணிய என் கால்வாயில வுடுறான். நான் கண்ணால பாத்தேன்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு சொட்டு வுடல மாமா. உங்க மேல சத்தியம். அக்காவக் கேளுங்க."

அம்மா யார் பக்கமும் பேசவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் மாமாவைச் சந்தேகித்தார்கள். மீதிப் பேர், மச்சான் பிழைப்பது பொறுக்காமல் நைனாவே கதை கட்டுகிறார் என்றார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருபவர் எல்லம்மா. ஏரியில் இறங்கி, ஓலையால் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் குடும்பம். உப்புத் தண்ணீரின் வழி அவருக்குத் தெரியும் என்று நைனா அவரை வயலுக்கு அழைத்துப் போனார். மாமாதான் குற்றவாளி என்று அவர் வாயால் வரும் என்றே நைனா எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் கூடப் போனேன்.

எல்லம்மா கால்வாயில் இறங்கிக் காலால் தடவிக்கொண்டே நடந்தார். ஏரிப் பக்கத்துக் கரையருகே நின்று, ஒரு பொந்துக்குள் தோள்வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் பெரிய நண்டு ஒன்று இருந்தது.

"ஏரி நண்டுண்ணா. கர முழுக்கக் குடஞ்சி வச்சிக்கீது. ஏரி ஏறும்போதெல்லாம் இந்தப் பொந்து வழியாதான் உப்புத் தண்ணி வருது. எவனும் வுடல."

நைனா நண்டைப் பார்த்தார். பிறகு கரைமேல் இருந்த எல்லம்மாவின் பறியைப் பார்த்தார். அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். இறால் எல்லாம் சேற்றில் கொட்டியது.

"இந்த நண்ட நீ வரும்போதே கொண்டாந்தியா? மச்சான் சொல்லி அனுப்சானா?"

எல்லம்மா குனிந்து, ஒவ்வொரு இறாலாகப் பொறுக்கிக் கழுவிப் பறியில் போட்டார். கிளம்பும்போதுதான் பேசினார்.

"உனுக்கும் கை கீது இல்லண்ணா? நீயே வுட்டுப் பாரு."

அவர் தலை மறையும் வரை நைனா நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, அடுத்த பொந்தில் கையை விட்டார். அவர் அலறியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கையை இழுத்தபோது நடுவிரலைக் கவ்வியபடி ஒரு நண்டு தொங்கியது. ரத்தம் வழிய வழிய அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மற்றக் கையால் அடுத்த பொந்தையும் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு எல்லம்மாவின் குடிசைக்குப் போனார். "பறியக் கவுத்தது தப்பு," என்றார். எல்லம்மா, "வெரலு எப்டி கீது?" என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கோடையில் பொந்துகளை அவரே வந்து காட்டினார். கரையை வெட்டிக் களிமண் போட்டு மிதித்துக் கட்டினோம். மண்ணின் உப்பு இறங்க இரண்டு மழைக்காலம் ஆனது.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் நைனா மறுபடி எழுந்தார்.

"கொழாயி தண்ணி வுட்டத நான் பாக்கல. பாக்காம சொன்னேன். மச்சான் மேல தப்பு இல்ல."

எதையும் தானே பார்க்காமல் பேசாத மனிதருக்கு அதைச் சொல்வது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "என் பொண்ணு சொன்னா" என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. குழாய் கிடந்ததை மட்டுமே நான் பார்த்தேன், தண்ணீர் விட்டதைப் பார்க்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து அதை இங்கே எழுதுகிறேன்.

மாமா அன்று கூட்டத்திலிருந்து எழுந்து போனார். நான்கு பொங்கல் கழித்துத்தான் எங்கள் வாசலுக்கு வந்தார்.

சென்ற ஆண்டு நைனாவின் உடல்நிலை கெட்டபோது, மருத்துவமனையில் ஒவ்வொரு மாத்திரையையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, நர்ஸிடம் அதன் பெயரைச் சொல்லச் சொல்வார். இனி சில வாரங்கள்தான் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். நைனாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்து, தேறிவிடுவீர்கள் என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரையும் நம்பவில்லை. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். கதவருகே நின்றிருந்த எனக்குக் கேட்டது.

"நீ சொல்லு மச்சான். நான் பொழைப்பனா?"

மாமா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இல்ல மாமா," என்றார்.

"சரி. நீ சொன்னா சரி."

டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லவும் இல்லை. மறுநாளே வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பதினெட்டு நாள் எங்களோடு இருந்தார். மாமா தினமும் வந்தார்.

நைனாவைத் தூக்க வந்தவர்களுக்கும், சமைத்துப் போட்டவர்களுக்கும், மழையில் பந்தல் கட்டித் தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், பழவேற்காடு கோட்டைக்குப்பத்திலிருந்து வந்து நின்ற நண்பர்களுக்கும், எல்லம்மாவுக்கும், மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நைனா சந்தேகப்பட்டதால் மனம் நொந்தவர்கள் உங்களில் இன்னும் சிலர் இருக்கலாம். அப்படி இருந்தால் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். அவரால் வந்து சொல்ல முடியாமல் போன மன்னிப்பை நாங்கள் சொல்கிறோம்.