பூஞ்சைக்கும் மாமனாருக்கும் நடுவில்

கிணத்துக்கடவில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால்தான் எங்கள் மஞ்சி மில். தேங்காய் மட்டையிலிருந்து மஞ்சி என்கிற நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை மலைமாதிரி குவித்து, மாமனார் தீ வைத்துவிடுவார். அது வாரக்கணக்கில் புகையும். என் மகளுக்கு மூச்சு இழைக்கும். புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமனாரிடம் சொன்னால், "அதுக்கென்னுங்க கண்ணு, பாத்துக்கலாம்" என்பார். அந்த மரியாதையோடு யார் சண்டை போடுவது?

நான் நுண்ணுயிரியல் படித்தவள். படித்ததை இந்த வீட்டில் தோசைமாவு புளிக்கவைப்பதற்கு மேல் எதற்கும் பயன்படுத்தியதில்லை. அந்த ஆத்திரத்தில் ஒருநாள் மாமனாரிடம் சொன்னேன்: தூளை எருவாக்கிக் காட்டுகிறேன், காட்டிவிட்டால் எரிக்கக் கூடாது. "செரிங்க" என்றார்.

தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, நடுவே சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். நார்த்தூள் லேசில் மக்காது. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளுக்கு அவ்வளவு பிடிவாதம். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, லிக்னினை அறுத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். சில நாளில் வெள்ளை இழை ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் குவியல் நீலமாக இருந்தது. தென்னைக் குருத்தழுகலுக்கு மயில்துத்த மருந்து அடித்த என் கணவர், டேங்கில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அதன்மேல் ஊற்றியிருந்தார்.

"பூசணம் புடிச்சிருந்துச்சு அம்மணி. அதான் மருந்து அடிச்சுபோட்டேன்."

"ஏனுங்க, அந்தப் பூசணத்தைத்தானுங்க நான் வளத்துனேன்!"

"அதைச் சொல்றதில்லையா?" என்றார். அத்தனை நாளும் வேறென்ன சொல்லிக்கொண்டிருந்தேனாம்!

நல்லவேளை, மருந்து மேலடுக்கோடு நின்றுவிட்டது. அதை வழித்தெறிந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால், தூள் கறுத்து, உதிரியாகி, மண்வாசம் அடித்தது. மாமனார் கையில் அள்ளிப் பார்த்தார். "எருவேதானுங்க கண்ணு" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரமே பின்பக்கம் புகை. ஓடினேன். காய்ந்த தென்னை ஓலையைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்.

"எரிக்கறதில்லைன்னு சொன்னீங்களே மாமா!"

"தூளைத்தானுங்க கண்ணு சொன்னேன். இது ஓலைங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லிக்னினைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்யத் தெம்பும் இல்லை. அவரை முன்வாசலுக்கு வரச்சொல்லி, இழைத்துக்கொண்டிருந்த மகளைத் தூக்கிவந்து அவர் தோளில் சாய்த்தேன். பொழுதுக்கும் மில், தோப்பு என்று இருப்பவர். அந்தச் சத்தத்தை ஒருநாளும் பக்கத்தில் கேட்டதில்லை. குழந்தை அவர் காதோரம் மூச்சை இழுத்தது, விட்டது. அவர் முகம் மாறியது.

"எப்பவும் இப்படித்தானுங்களா கண்ணு?"

"பொகைஞ்சா இப்படித்தானுங்க மாமா."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார். வேட்டி நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற இந்தக் காரியத்துக்காகவா ஒரு மாதம் பூஞ்சை வளர்த்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.